உறையும் உள்ளீடும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் தமிழ்ப் பேராசிரியை ஒருத்தி கவிதையைப் பற்றிப் பேசுவாள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் அட்டைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நூலின் மேலட்டை, இதழின் முகப்பட்டை, அஞ்சலில் வந்த சுற்றுத்தாள், பொருளை மூடிவந்த உறை, உறையை மூடிவந்த பெட்டி ஆகியவற்றைப் பற்றி. சேகரிப்பவர்க்கு இடம் போதாமற் போகும்போது இவற்றை வைத்துக்கொள்வதா, எறிந்துவிடுவதா என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். இது சிறிய பொருள்தான். ஆனால் நம் வட்டம் இன்னும் சில வாரங்களில் இதில் ஒரு முடிவெடுத்தாக வேண்டும்.

அனைவரும் அறிந்த செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சென்ற ஆண்டு மறைந்தார். முப்பதாண்டுக் காலம் அவர் சேர்த்துவைத்த சிற்றிதழ்களையும் கவிதை நூல்களையும் நம் வட்டத்திற்கே வழங்க அவருடைய துணைவியார் முன்வந்திருக்கிறார். தை பிறப்பதற்குள் அறையை ஒழித்துத் தரவேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். நம்மிடம் இருப்பவையோ இரண்டு இரும்பு அலமாரிகள். செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்தது: 'அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிட்டு, படைப்புகளை மட்டும் ஆண்டுவாரியாகக் கட்டடம் செய்தால் எல்லாம் அடங்கிவிடும்.' நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட கருத்து அது. அதை நான் மறுக்கிறேன். மறுக்கும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

வீடுதோறும் எழும் வினா

இந்த வினா நூல் சேர்ப்பவர்க்கு மட்டும் உரியதன்று. பண்ருட்டியிலும் கடலூர் வண்டிப்பாளையத்திலும் செய்யப்படும் மண்பொம்மைகளை வாங்கிக் கொலு வைக்கும் இல்லங்களில் ஆண்டுதோறும் இது எழுகிறது. விழா முடிந்து பொம்மைகளை எடுத்து வைக்கும் நாளில், 'செட்டோடு வந்த அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போட்டால் இரண்டே டிரங்குப் பெட்டிகளில் எல்லாம் அடங்கும்' என்பார் ஒருவர். 'பெட்டியை எறிந்துவிட்டால் அடுத்த ஆண்டு எந்தப் பொம்மை எந்தச் செட்டைச் சேர்ந்தது என்று யார் சொல்வது?' என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பெட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது. பொம்மை உடையாமற் காப்பது ஒன்று; அது எந்த வரிசையைச் சேர்ந்தது, அவ்வரிசையில் எத்தனை பொம்மைகள் என்று அறிவிப்பது மற்றொன்று. முதல் வேலையைப் பழந்துணியும் செய்யும். இரண்டாம் வேலையைச் செய்ய வேறு பொருள் இல்லை.

காக்கும் பணி, அறிவிக்கும் பணி என்னும் இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் நம் வினாவுக்கு விடை பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

நன்னூலார் காட்டும் வழி

அறிவிக்கும் பணியை நம் முன்னோர் எவ்வளவு உயர்வாகக் கருதினர் என்பதை நன்னூல் கற்றோர் அறிவர். நூல் எவ்வளவுதான் விரிந்து பரந்ததாயினும் பாயிரம் இல்லையெனில் அது நூலாகாது என்பது பவணந்தியார் கொள்கை. சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டியவை எட்டு என்றும் அவர் வகுத்தார். ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்றும் குறித்தார்.

இன்று ஒரு சிற்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் பெயர் எங்கே இருக்கிறது? முகப்பட்டையின் உட்புறத்தில். எந்த ஊரில் அச்சாயிற்று, யார் வெளியிட்டார், எந்த மாதத்து இதழ், என்ன விலை, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பனவெல்லாம் எங்கே இருக்கின்றன? முன்னட்டையிலும் பின்னட்டையிலும். இதழ் தொடங்கிய காரணம்கூடச் சில இதழ்களில் அட்டையில்தான் அச்சாகியிருக்கும். எல்லை, காலம், களம், காரணம், கேட்போர் என்று நன்னூலார் கேட்டவற்றுட் பலவற்றை இக்காலத்தில் அட்டையே சொல்கிறது. எனவே மேலட்டையை இக்கால நூலின் சிறப்புப் பாயிரம் என்று கூறலாம். அதைக் கிழித்தெறிவது பாயிரத்தைக் கிழித்தெறிவதாகும்.

சட்டமும் இந்தச் செய்திகளை வேண்டியது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் தாளிலும் அச்சிட்டவர் பெயர், அச்சிட்ட இடம், வெளியிட்டவர் பெயர், வெளியிட்ட இடம் ஆகியன இருத்தல் வேண்டும் என்று 1867ஆம் ஆண்டு அச்சக, நூற்பதிவுச் சட்டம் விதித்தது. இதழ்களைப் பொறுத்தவரை 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அதன் இடத்திற்கு வந்துவிட்டது. எனினும் ஒன்றரை நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாற்றுக்கு இன்று நமக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்றுகளுள் அந்தச் சிற்றெழுத்து வரிகளும் அடங்கும். கட்டடக்காரர் முதலில் வெட்டியெறிவதும் அவற்றையே.

நம் மண்ணில் இரு சான்றுகள்

1867 என்றதும் நம் மாவட்டத்தார்க்கு மற்றொரு செய்தி நினைவுக்கு வரும். வள்ளலாரின் திருவருட்பா முதல் நான்கு திருமுறைகளைத் தொழுவூர் வேலாயுத முதலியார் வெளியிட்ட ஆண்டும் அதுவே. அதைத் தொடர்ந்து எழுந்த அருட்பா மருட்பாப் பூசல் தமிழகமும் யாழ்ப்பாணமும் அறிந்தது. ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திற்கு வந்தது. அந்தப் பூசலின் வேரைத் தேடிச் சென்றால் ஒரு நூலின் முகப்பில் வந்து நிற்போம். பாடல்களுக்கு 'அருட்பா' என்று பெயரிட்டது தகுமா? பாடியவரைத் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று குறித்தது தகுமா? தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவதைக்கூட அடிகள் விரும்பவில்லை என்பதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. பாடல்களை மட்டும் படியெடுத்துக்கொண்டு முகப்பை விட்டுவிடும் ஒருவர்க்கு, இந்த வழக்கு எதனால் எழுந்தது என்பதே விளங்காது.

அப்பூசலில் இரு தரப்பாரும் வெளியிட்ட கண்டனங்கள் பெரும்பாலும் சிறு சுவடிகள். சில பக்கமே உடையவை. கெட்டி அட்டை இல்லாதவை. அலமாரியில் இடம் குறைந்தால் முதலில் வெளியேறும் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றை வீண்தாள் என்று கருதாமல் எவரெவரோ காத்து வைத்திருந்தமையால்தான் ப. சரவணன் அவற்றைத் தேடித் திரட்டிப் பதிப்பிக்க முடிந்தது.

இரண்டாவது சான்று புதுமைப்பித்தன். அவர் 1906இல் நம் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். அவருடைய கதைகளின் செம்பதிப்பை ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்தார். கதைகள் வெளிவந்த கால வரிசையில் அமைந்த பதிப்பு அது. எந்தக் கதை எந்த இதழில், எந்த நாளில் வந்தது என்பதைப் பழைய இதழ்களைக் கண்டு உறுதி செய்தாலன்றி அத்தகைய வரிசை அமையாது. ஒரு படைப்பாளி எங்கே தொடங்கினார், எந்த ஆண்டில் திரும்பினார், எதற்குப் பின் எதை எழுதினார் என்பதை அறிய நாள் வேண்டும். அந்த நாள் படைப்பின் அடியில் இருப்பதில்லை. இதழின் முகப்பில் இருக்கிறது.

என் குற்றம்

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் தந்தையார் கடலூரில் பள்ளித் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். மாதச் சம்பளத்தில் அரிசிக்கும் பாலுக்கும் எடுத்து வைத்தது போக மிஞ்சியதில் இதழ்கள் வாங்குவார். ஒவ்வோர் இதழின் முன்னட்டையிலும், வந்து சேர்ந்த நாளைப் பச்சை மையில் குறிப்பார். பின்னட்டையின் உட்புறத்தில் இரண்டு மூன்று வரிகள் எழுதுவார். இன்ன கவிதை நன்று, இன்ன கட்டுரையில் பாடம் பிழை, இன்னாரிடம் படிக்கக் கொடுத்திருக்கிறேன் என்பன போன்ற குறிப்புகள்.

எனக்குச் சிதம்பரத்தில் பணி கிடைத்தபோது இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டிற்குக் குடிபெயர்ந்தேன். அப்பா மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவருடைய இதழ்கள் பதினொரு அட்டைப்பெட்டிகளில் வந்தன. குழந்தையின் தொட்டிலைக் கட்ட இடமில்லை. நானே முடிவு செய்தேன். கட்டடக்காரரை அழைத்து, 'மேலட்டை வேண்டாம், விளம்பரம் வேண்டாம், உள்ளிருப்பது போதும்' என்றேன். அவர் முதியவர். 'அம்மா, அட்டையில் ஐயா கையெழுத்து இருக்கிறதே' என்று ஒரு முறை சொன்னார். 'பரவாயில்லை, இடம்தான் முக்கியம்' என்றேன். அப்போது நான் முனைவர்ப் பட்டம் பெற்றிருந்தேன். மூலபாட ஆய்வைப் பற்றி மாணவர்க்கு வகுப்பெடுத்துக்கொண்டுமிருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து ஆய்வு மாணவி ஒருத்தி வந்தாள். நம் வட்டாரத்துக் கவிஞர் ஒருவரின் முதற் கவிதை எந்த மாதத்தில் வெளிவந்தது என்று அவளுக்குத் தெரியவேண்டும். கவிதை என்னிடம் இருந்தது. அழகிய காலிகோ கட்டடத்தில் இருந்தது. முன்னும் பின்னும் புரட்டினோம். எந்தப் பக்கத்திலும் நாள் இல்லை. இதழ் எண் இல்லை. அந்த இதழின் வேறு படி எங்கும் எங்களுக்குக் கிட்டவில்லை. 'அட்டை இருந்திருந்தால் தெரிந்திருக்கும் அல்லவா, அம்மா?' என்று அவள் கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. அவள் ஆய்வேட்டில் அந்தக் கவிதைக்கு எதிரே 'நாள் தெரியவில்லை' என்றே அச்சாகியிருக்கிறது. என் கையால் உண்டான வெற்றிடம் அது. அப்பாவின் பச்சை மை வரிகளைப் பற்றி இங்கே நான் பேசப் போவதில்லை.

மறுப்போர் கூற்றும் விடையும்

எதிர்த்தரப்பாரின் கூற்றுகளையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும். அவை மூன்று.

முதலாவது, கவிஞர்களின் கூற்று. 'கவிதை காலத்தை வெல்வது. அதற்கு நாள் எதற்கு, அட்டை எதற்கு?' என்பர். கவிஞர் இவ்வாறு நினைப்பது இயல்பு. ஆனால் கவிதை காலத்தை வெல்வதற்கு முதலில் ஒரு காலத்தில் எழுதப்பட வேண்டும். பாரதியின் 'இந்தியா' இதழை நினைத்துப் பாருங்கள். சிவப்புத் தாளில் அச்சான இதழ் அது. கருத்துப்படங்களைத் தாங்கி வந்தது. 1906இல் சென்னையில் தொடங்கி, 1908 முதல் நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. 'பாட்டும் கட்டுரையும் போதும்' என்று யாரேனும் அவற்றை மட்டும் வெட்டி வைத்திருந்தால், பாரதி படத்தின் வழியாகவும் அரசியல் பேசினார் என்பதை நாம் அறிந்திருக்க மாட்டோம். அக்கருத்துப்படங்களைத் தொகுத்த நூல் 1994இல்தான் வெளிவந்தது. எது பயன்படும் என்பதை முடிவு செய்யும் உரிமை பின்வரும் தலைமுறைக்கும் உண்டு.

இரண்டாவது, நடைமுறை அறிந்தோர் கூற்று. 'எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது சேகரிப்பு ஆகாது. குப்பை சேர்ப்பதாகும்' என்பர். இதில் எனக்கு முழு உடன்பாடு. காக்கும் பொருளே அழிக்கும் பொருளாவதும் உண்டு. தில்லையில் நாம் வழிவழியாகக் கேட்டுவரும் வரலாறு ஒன்று இதற்குப் பொருந்தும். மூவர் தமிழ் ஏடுகள் பொன்னம்பலத்தின் அருகே ஓர் அறையில் மூவர் கைச்சாத்தோடு பூட்டப்பட்டிருந்தன என்றும், இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து திறப்பித்தபோது அவற்றைப் புற்று மூடியிருந்தது என்றும், எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எஞ்சியவற்றை எடுத்தனர் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். பூட்டு பழுதின்றி இருந்தது. முத்திரை பழுதின்றி இருந்தது. ஏடுகளிற் பல செல்லரித்துப்போயின. உறையைப் போற்றினால் மட்டும் உள்ளீடு பிழைக்காது.

கடலோரத்தில் வாழும் நமக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. அந்நாள்களில் நூல் வைத்திருந்தோர் பலர் ஒன்றைக் கண்டறிந்தனர். தரையில் வைத்த அட்டைப்பெட்டி நீரைத் தடுக்கவில்லை. உறிஞ்சி உள்ளே அனுப்பியது. பளபளப்பான தாளில் அச்சான பக்கங்கள் நனைந்து உலர்ந்தபோது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. நெகிழிப் பையில் இறுகக் கட்டி வைத்தவற்றில் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை படர்ந்தது. இரும்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்தவை பிழைத்தன.

மூன்றாவது கூற்று, விலையைப் பற்றியது. 'பெட்டியோடு இருந்தால் விலை அதிகம். அதனால்தான் சேகரிப்போர் அதை விடுவதில்லை' என்பர். மேலைநாட்டுச் சந்தையில் இது உண்மைதான். முதற்பதிப்பு நூலொன்று மேலுறையோடு கிடைத்தால், உறையில்லாப் படியைப்போலப் பல மடங்கு விலை பெறும். ஆனால் விலை பின்னர் வந்தது. அரிதானமை முதலில் நிகழ்ந்தது. பெருநூலகங்களே நெடுங்காலம் மேலுறையைக் கழற்றி எறிவதை வழக்கமாகக் கொண்டிருந்தன. ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள போட்லியன் நூலகத்தில் 2009இல் ஓர் உறை கண்டறியப்பட்டது. 1830ஆம் ஆண்டுக்கென வெளிவந்த 'ஃபிரண்ட்ஷிப்ஸ் ஆஃபரிங்' என்னும் பட்டுக் கட்டடப் பரிசு நூலுக்கு உரியது. நூலைப் பொட்டலம்போல முழுதும் மூடி அரக்கிட்டு ஒட்டிய தாள் அது. அதுவரை அறியப்பட்ட மேலுறைகளுள் அதுவே மிகப் பழையது என்றனர். அந்த உறை, தன் நூலை விட்டுப் பிரிந்து தனியே கிடந்தது. பிரித்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தேடி நிற்கும் என்பதற்கு இது போதிய சான்று.

தமிழ்நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் கலை பயின்றவர். நூல்களோடும் இதழ்களோடும் அவர் நிற்கவில்லை. நாடக அறிவிப்புகள், திருமண அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள் என்று பிறர் மறுநாளே எறிந்துவிடும் தாள்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பொருள்கள் அதில் இருந்தன. விலை வரும் என்று கருதி அழைப்பிதழ் சேர்ப்பவர் எவரும் இல்லை. அவை ஒரு காலத்தின் வாழ்க்கையைச் சொல்லும் என்று அவர் கருதினார், அக்கருத்து மெய்யாயிற்று.

ஒரு சிறு கணக்கு

இனி இடத்தைப் பற்றிய கணக்கிற்கு வருவோம். நடுவில் கம்பி தைத்த ஒரு மாத இதழுக்கு மேலட்டை என்பது மடித்த ஒரு தாள். விரித்துப் பார்த்தால் இரண்டு இலைகள். ஆண்டுக்குப் பன்னிரண்டு இதழ் எனில் 24 இலைகள். முப்பது ஆண்டுக்கு 720 இலைகள். ஓர் இலையின் கனம் 0.12 மில்லிமீட்டர் என்று கொண்டால், முப்பதாண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் 9 செ.மீட்டரைத் தாண்டாது. அரைச் சாண்கூட இல்லை. அந்த அரைச் சாண் இடத்திற்காக ஓர் இதழின் முப்பதாண்டு நாள், விலை, முகவரி, ஓவியம், கையெழுத்து அனைத்தையும் இழக்க வேண்டுமா?

அப்படியானால் இடத்தை அடைப்பவை எவை? அந்த அறையை நான் சென்று பார்த்தேன். அட்டைப்பெட்டிகள், பெட்டிக்குள் திணித்த பழைய நாளிதழ்கள், இரட்டைப் படிகள், எங்கும் எளிதிற் கிடைக்கும் வார இதழ்கள் ஆகியவையே பாதிக்கு மேல் இருந்தன. இடத்தை மீட்க வேண்டிய இடம் அது.

என் பரிந்துரை

உறைகளை நான் மூவகையாகப் பிரிக்கிறேன்.

முதல் வகை, பாயிரப் பணி செய்பவை. முன்னட்டை, பின்னட்டை, தலைப்புப் பக்கம், உரிமையாளர் கையெழுத்து, அன்பளிப்புக் குறிப்பு, இதழ் விளம்பரங்கள் ஆகியன இவ்வகையின. இவற்றைப் பொருளிலிருந்து பிரிக்கவே கூடாது. கட்டடம் செய்வதாயினும் அட்டையை உள்ளே வைத்தே தைக்கச் சொல்ல வேண்டும். ஓரத்தை மிகுதியாக வெட்டவும் விடக்கூடாது.

இரண்டாம் வகை, காவற் பணி மட்டும் செய்பவை. அஞ்சல் உறை, சுற்றுத்தாள், அட்டைப்பெட்டி போன்றவை. எறிவதற்குமுன் அவற்றிலுள்ள செய்தியை ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்ள வேண்டும். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். அஞ்சல் முத்திரை தெளிவாக உள்ள சுற்றுத்தாளை ஆண்டுக்கு ஒன்றாவது மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம். எஞ்சியவற்றை மனக்குறையின்றி விட்டுவிடலாம். பழைய இசைத்தட்டுச் சேகரிப்போர்க்கும் இதையே சொல்வேன். கடையில் இட்டுத் தந்த பொதுத் தாளுறைகள் தட்டுக்குத் தட்டு மாறிப் போயிருக்கும். பாடலின் பெயரும் பாடியவர் பெயரும் தட்டின் நடுவிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பொதுவுறை போனால் அறிவு பெரிதும் குறையாது. குறிப்பிட்ட ஓர் இசைத்தட்டுக்கென்றே அச்சிட்ட உறையோ முதல் வகையைச் சேர்ந்தது.

மூன்றாம் வகை, தீங்கு செய்பவை. துருப்பிடித்த ஊசி, உருகி ஒட்டும் ரப்பர் வளையம், இறுக்கிக் கட்டிய நெகிழிப் பை, மஞ்சளித்துப் பக்கத்துத் தாளையும் மஞ்சளாக்கும் நாளிதழ்த் தாள், இராமபாணப் பூச்சியை அழைத்துவரும் பசை தடவிய அட்டைப்பெட்டி. இடம் இருந்தாலும் இவற்றை வைத்திருக்கக் கூடாது. தூய பருத்தித் துணியும், வேப்பிலையும் வசம்பும் அறிந்த நம் முன்னோர் இவ்வகையில் நம்மினும் தெளிவுடையோர்.

இவ்வளவு செய்தும் இடம் போதவில்லையானால் என்ன செய்வது? இதுவே கடினமான வினா. என் விடை இதுதான்: பத்தைச் சிதைத்து வைத்துக்கொள்வதினும் ஆறை முழுமையாக வைத்துக்கொள்வது நன்று. எஞ்சிய நான்கையும் முழுமையாகவே மற்றொருவர் கையில் சேர்ப்போம். பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. சென்னையில் ஆராய்ச்சி நூலகங்கள் இருக்கின்றன. புதுக்கோட்டையில் ஒரு தம்பதியர் தம் உழைப்பால் உருவாக்கிய ஞானாலயா இருக்கிறது. கொடுத்தால் நம் அலமாரியில் ஓர் இதழ் குறையும், தமிழுக்குக் குறையாது. அட்டையைக் கிழித்தால் நம் அலமாரியில் இதழ் இருக்கும், தமிழுக்குக் குறையும்.

நிறைவாக

உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை நம் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களைப் பற்றி அவர் வருந்தி எழுதியிருப்பதை நாம் மாணவர்க்குச் சொல்லி மனம் கசிகிறோம். ஆற்றில் விட்டவர்கள் தமிழின் பகைவர்கள் அல்லர். வீட்டில் இடம் இல்லாதவர்கள்; ஏட்டைப் படிக்க ஆள் இல்லாதவர்கள்; நல்ல நாளில் நல்ல நீரில் விடுகிறோம் என்று நம்பியவர்கள். காலிகோ கட்டடத்திற்கு ஆணையிட்ட நாளில் நானும் அப்படித்தான் நம்பினேன்.

மறைந்த நம் மூத்தவர் சேர்த்த இதழ்களில் இரண்டை எடுத்துப் பார்த்தேன். அவரும் அட்டையின் உட்புறத்தில் எழுதும் பழக்கம் உடையவர். ஓரிடத்தில் நம் வட்டத்தின் முதற் கூட்டம் நடந்த நாளும், வந்திருந்தோர் பெயர்களும் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மிடமுள்ள கூட்டப் பதிவேடு மூன்றாம் கூட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நமக்கு, நாம் தொடங்கிய நாளுக்கு எழுத்துச் சான்றாக இருப்பது அந்த ஒரே அட்டைதான்.

எனவே செயற்குழுவிற்கு என் வேண்டுகோள் இது. பெட்டிகளை விடுவோம், இரட்டைப் படிகளைக் கொடுப்போம், எங்கும் கிடைப்பனவற்றை நூலகத்திற்கு அனுப்புவோம். அட்டைகளைத் தொடவேண்டாம். பிரித்து அடுக்கவும் குறிப்பேடு எழுதவும் விடுமுறை நாள்களில் என் மாணவியரோடு நானே வருகிறேன். தை பிறப்பதற்குள் அம்மையாருக்கு அறையை ஒழித்துத் தந்துவிடலாம்.